முதலில் சுவிட்ச், பிறகு கிளிப்

அக்கா,

விடிந்ததிலிருந்து இன்று மழை. கீழ்ப் போர்ஷனில் குடியிருக்கும் வாடகைக் கார்க்காரர், சாரல் அடிக்கிறதே என்று கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு உள்ளே பேட்டரிக்குச் சார்ஜ் போட்டிருக்கிறார். படி இறங்கும்போதே வாசனை வந்துவிட்டது. தொண்டையைக் கமற வைத்து, நாக்கின் ஓரத்தில் புளிப்பாகத் தங்குமே, அதே வாசனை. கதவைத் தட்டித் திறக்கச் சொன்னேன். மழைத் தண்ணீர் உள்ளே வருமே என்றார் அவர். "தண்ணி வந்தா தொடச்சுக்கலாமுங்க. மொதல்ல தொறந்து உடுங்க" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. நீங்கள் பேசுகிற மாதிரியே பேசியிருந்தேன்.

அவர் இரண்டு ஜன்னலையும் திறந்தார். வாசனை கலையும்வரை படியிலேயே நின்றிருந்துவிட்டு மேலே வந்தேன். உலை வைக்கத் தோன்றவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போன பிறகு இரண்டு ஆடி நோம்பி வந்து போய்விட்டது. உங்களிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம்தானே சொல்ல வேண்டும்.

நான் பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால்காரர் வீட்டுப் பெண். நாமக்கல்லில் நீங்கள் வாழ்ந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்தபோது, மூத்த மருமகளான உங்களைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தேன். ஓரகத்திகள் என்றால் அடுப்படியில் ஆளுக்கொரு மூலை என்றுதான் எங்கள் ஊர்ப் பெண்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நீங்களோ முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் கொல்லைப்புறத்துக் கொட்டகையைக் காட்டினீர்கள். உங்கள் கணவர், எனக்கு மச்சாண்டார், அங்கே மோட்டார் பேட்டரிகளுக்குச் சார்ஜ் போடும் தொழில் வைத்திருந்தார். மேட்டூரிலிருந்து ஊருக்குக் கரண்ட் வந்த புதிது. சுவரோரம் ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் ஒரு கண்ணாடிக் குமிழ், ஊதாவும் மஞ்சளுமாக எரிந்துகொண்டிருந்தது. கம்பியில் வருகிற கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றுவது அதுதான் என்றீர்கள். நீளப் பலகை மேல் கறுப்புக் கறுப்பாகப் பேட்டரிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தன. அவற்றின் வாயில் காதை வைக்காமலே, உலை கொதிக்கத் தொடங்குகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம் கேட்டது.

யுத்தம் வந்தது. மோட்டார் ஓட்டத் தெரிந்தவர்களை ராணுவத்தில் தேடித் தேடி எடுத்தார்கள். மச்சாண்டாரும் பெயர் கொடுத்துவிட்டார். அவர் கிளம்புவதற்கு முன்னால் கொட்டகையை மூடிவிட்டு மிஷினை ஒரு பஸ் முதலாளிக்கு விற்றுவிடுவதென்று மாமனார் பேசி முடித்திருந்தார். என் வீட்டுக்காரர் பஸ்ஸில் கண்டக்டர். காலையில் போனால் பொழுது இறங்கித்தான் வருவார். வேறு ஆள் இல்லை. நீங்கள் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றீர்கள். யாரும் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. மச்சாண்டார் மட்டும் உங்களைச் சற்று நேரம் பார்த்தார். மறுநாள் காலையிலிருந்து கிளம்பும் நாள் வரைக்கும் நீங்கள் இருவரும் கொட்டகையிலேயே கிடந்தீர்கள். அவர் குரல் அடுப்படிவரை கேட்கும். கிளிப்பை மாட்டிய பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும், சுவிட்சை அணைத்த பிறகுதான் கிளிப்பைக் கழற்ற வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, நீங்கள் திருப்பிச் சொல்வீர்கள். சிவப்பு எதில், கறுப்பு எதில் என்று அவர் மாற்றிக் கேட்டுப் பார்ப்பார். ஒரு தடவையும் நீங்கள் தடுமாறி நான் கேட்கவில்லை.

ஆனால் அக்கா, அவர் சொல்லிக் கொடுத்தது கொஞ்சம். அவர் போன பிறகு நீங்களாக யோசித்துச் செய்தது ரொம்ப. அதைத்தான் நான் இன்றுவரை நினைத்து நினைத்து வியக்கிறேன்.

முதலில் வளையல். கொட்டகையில் தனியாக நின்ற முதல் நாள் மாலை நீங்கள் தங்க வளையல்களைக் கழற்றி அத்தையிடம் கொடுத்தீர்கள். தாலியைச் சங்கிலியிலிருந்து எடுத்து மஞ்சள் கயிற்றில் கோத்து ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டீர்கள். அத்தைக்கு முகம் வெளுத்துப் போனது. புருஷன் சீமைக்குச் சண்டைக்குப் போயிருக்கும்போது கையை மூளியாக்குகிறாளே என்று மாலை முழுவதும் புலம்பினார். நீங்கள் மறுநாள் சார்ஜில் இல்லாத ஒரு பழைய பேட்டரியை வாசலுக்குக் கொண்டுவந்து, அத்தையைத் தூர நிற்கச் சொல்லிவிட்டு, இடுக்கியில் ஓர் ஆணியைப் பிடித்து அதன் இரண்டு ஈயக் குமிழ்களுக்கும் நடுவில் வைத்துக் காட்டினீர்கள். பொறி பறந்தது. கண் முன்னாலேயே ஆணி பழுக்கத் தொடங்கியது.

"இது என்ற கையில கெடக்கற வளையலா இருந்தா என்னாகுமுங்க அத்தை? கையோட சேத்து வெந்துபோகுமுங்க."

அடுத்த சந்தையில் அத்தையே சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல் வாங்கிவந்து உங்கள் இரண்டு கையிலும் நிறையப் போட்டுவிட்டார். கண்ணாடியில் கரண்ட் போகாது என்று நீங்கள் சொன்னதை அவர் அக்கம்பக்கத்தில் தானே கண்டுபிடித்ததுபோல் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகு கட்டில். பேட்டரி கொண்டுவருகிறவர்கள் டிரைவர்களும் கிளீனர்களும் மில்காரர்களும். வாயில் பீடியில்லாத ஆள் அபூர்வம். பேட்டரி கொதிக்கும்போது வரும் ஆவி ஒரு பொறி பட்டால் வெடிக்கும் என்று சொன்னால் கேட்கிறவர்களும் இல்லை. ஒரு பெண் சொல்லி ஆண்கள் பீடியை அணைப்பார்களா? நீங்கள் கொட்டகைக்கு நேர் எதிரே, வாசல் வேப்பமரத்தடியில் ஒரு கயிற்றுக் கட்டில் போட்டீர்கள். வெற்றிலைத் தட்டு வைத்தீர்கள். ஒரு தீப்பெட்டியையும் வைத்து அதைக் கட்டில் காலோடு நூலால் கட்டிவிட்டீர்கள். வருகிறவர்கள் தாமாகவே அங்கே உட்கார்ந்து புகைத்துவிட்டு, முடித்த பிறகு எழுந்து வந்தார்கள். யாருக்கும் மனவருத்தமில்லை. கொட்டகைக்குள் நெருப்பும் வரவில்லை.

தொட்டியும் அப்படித்தான். கொட்டகை வாசலில் கல்தொட்டி ஒன்று கிடந்தது. விடிகாலையில் நீங்களே கிணற்றில் சேந்தி அதை நிரப்புவீர்கள். அதில் மாடு வாய் வைக்கக்கூடாது, பாத்திரம் கழுவக்கூடாது, பக்கத்தில் ஒரு செம்பு எப்போதும் கவிழ்ந்திருக்க வேண்டும். கோடையில் கிணறு அடியில் போய்விட்ட நாளிலும் நிரப்பினீர்கள். மாமனார் முணுமுணுத்தார். குடிக்கத் தண்ணீர் இல்லாத காலத்தில் இதென்ன வேண்டுதலா என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆப்ப சோடா கதையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தரையில் ஆசிட் சிந்தினால் அதன் மேல் சோடாவைத் தூவுவீர்கள். நுரைத்துக்கொண்டு அடங்கும். அதனால் எங்கள் வீட்டில் பணியாரம் ஒரு நோம்பிக்கும் உப்பி வந்ததில்லை. எத்தனை சோடா வாங்கி வைத்தாலும் கொட்டகைக்குப் போய்விடும். உங்கள் சேலைகள் எல்லாவற்றிலும் சல்லடைபோல ஓட்டைகள். கல்யாணம் காரியத்துக்குக் கட்ட ஒரே ஒரு சேலையை மட்டும் பெட்டியடியில் காப்பாற்றி வைத்திருந்தீர்கள்.

யுத்தத்தில் பெட்ரோல் அருமையாகிவிட்டது. பஸ்களின் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு அதில் கிளம்பும் வாயுவில் ஓட்டினார்கள். புதுப் பேட்டரி எங்கும் கிடைக்கவில்லை. சேலத்திலும் கிடைக்கவில்லை. செத்துப்போன பேட்டரிக்கெல்லாம் உயிர் கொடுத்து ஓட்ட வேண்டிய காலம். ராசிபுரத்திலிருந்தும் திருச்செங்கோட்டிலிருந்தும்கூட உங்களைத் தேடி வந்தார்கள். நீங்கள் அவசரப்பட மாட்டீர்கள். கூட்டம் நின்றாலும், பேட்டரியின் பக்கவாட்டில் புறங்கையை வைத்துப் பார்த்து, சூடு ஏறியிருந்தால் கரண்டைக் குறைத்துவிடுவீர்கள். "காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போத்துவியா?" என்று என்னிடம் ஒரு நாள் கேட்டீர்கள்.

அந்த வைகாசியை எழுதப் போகிறேன், அக்கா.

திருச்செங்கோட்டில் தேர். ஜனங்களை ஏற்றிக்கொண்டு போக பஸ்கள் போட்டி போட்டன. ஒரு பஸ் டிரைவர், உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர்தான், முந்தின நாள் கொடுத்த பேட்டரியை வாங்கக் காலையிலேயே வந்து நின்றார். வண்டியில் ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், முதலாளி சத்தம் போடுகிறார் என்று காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். பேட்டரி பலகையில் கொதித்துக்கொண்டிருந்தது. நீங்கள், இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வாசலில் வந்திறங்கிய வேறொரு பேட்டரியைப் பார்க்கப் போனீர்கள். அப்போது நான் உங்களைச் சாப்பிடக் கூப்பிடுவதற்காகக் கொட்டகைக்குள் வந்தேன்.

சுவிட்ச் கதவுக்கு அந்தப் பக்கம், மீட்டருக்குக் கீழே இருந்தது. பேட்டரி இந்தப் பக்கம். அந்த மனிதர் ஒரு எட்டு எடுத்து வைத்துக் கிளிப்பைப் பிடித்து இழுத்தார். பொறி ஒன்று தெறித்ததை நான் பார்த்தேன். நான் அன்று கடைசியாகப் பார்த்தது அதுதான்.

கோயில் வேட்டு காதுக்குள் வெடித்ததுபோல இருந்தது. பிறகு முகம் முழுவதும் ஈரம். தண்ணீர் தெறித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மறுகணம் எரியத் தொடங்கியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றேன்.

நீங்கள் ஓடிவந்தபோது முதலில் என்னிடம் வரவில்லை என்று பிறகு அத்தை சொன்னார். வரும் வழியில் கையை நீட்டிச் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டு, அடுத்த எட்டில் என் பின்கழுத்தைப் பிடித்தீர்களாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பிடிதான். தள்ளிக்கொண்டு போய்த் தொட்டியின் மேல் என்னைக் குனிய வைத்தீர்கள். செம்பு செம்பாகத் தண்ணீர் வந்து விழுந்தது. நான் கண்ணைத் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை. நீங்கள் இரண்டு விரலால் இமையைப் பிளந்து பிடித்துக்கொண்டு ஊற்றினீர்கள். நான் அலறினேன், உங்கள் கையைக் கடித்தேன் என்றுகூடச் சொல்கிறார்கள்.

"தொற சாமி. கண்ணத் தொற. எரிஞ்சா எரியட்டும், தொற."

அதற்குள் தெருவே கூடிவிட்டது. சேலையிலும் ரவிக்கையிலும் ஆசிட் ஊறியிருந்தது. ஆண்களை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, அத்தனை பேர் நடுவில் என் துணியைக் கிழித்து எறிந்து உங்கள் முந்தானையால் என்னைச் சுற்றினீர்கள். அத்தை விளக்கெண்ணெய் கிண்ணத்தோடு வந்தார். யாரோ, எதிர்வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள், தாய்ப்பால் விடலாம் என்றார்கள். நீங்கள் தரையில் தூவுவதைப் பார்த்திருந்த ஒருத்தி சோடாவைத் தண்ணீரில் கரைத்தே கொண்டுவந்துவிட்டாள். எல்லாரும் பெரியவர்கள். எல்லாரும் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். நீங்கள் ஒருவரையும் கிட்டே விடவில்லை.

"சோடா தரைக்கு. கண்ணுக்குத் தண்ணி மட்டும்தானுங்க. தள்ளி நில்லுங்க."

அந்த டிரைவர் கையும் வெந்திருந்தது. அவர் ஓரமாக ஒதுங்கி நின்றிருந்தாராம். என் இமையை விடாமலே நீங்கள் அவரையும் கூப்பிட்டு, கையைத் தொட்டிக்குள் வைத்துக்கொள், நான் சொல்லும்வரை எடுக்காதே என்றீர்கள். அதனால் என் முகமும் அவர் கையும் ஒரே தொட்டியில் கிடந்தன. தொட்டித் தண்ணீர் அடியைத் தொட்டபோது கிணற்றிலிருந்து ஆட்கள் கைமாற்றிக் கைமாற்றிக் குடத்தில் கொண்டுவந்தார்கள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. போதும் அக்கா என்று நான் கெஞ்சியதும், இன்னும் ஊற்ற வேண்டும் என்று நீங்கள் சொன்னதும் திரும்பத் திரும்ப நடந்தது. குதிரை வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம்கூட மடியில் குடத்தை வைத்துக்கொண்டு ஊற்றினீர்கள். வண்டிக்காரர், மெத்தையெல்லாம் நனைகிறதே அம்மா என்றார். நனையட்டும், நீ ஓட்டு என்றீர்கள்.

கண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். இருட்டுக்குள் கிடந்த அந்த நாட்களில் எனக்கு நேரம் தெரிந்தது உங்கள் வளையல் சத்தத்தால்தான். கொட்டகை வேலையை முடித்துவிட்டு வருவீர்கள். கட்டிலோரம் உட்கார்ந்து, இன்று நாமக்கல் கோட்டைப் பாறையின் மேல் மேகம் இறங்கியிருந்தது, கமலாலயக் குளத்தில் தண்ணீர் இவ்வளவு இருக்கிறது என்று ஊர்க்கதை சொல்வீர்கள். பார்வை வருமா என்று கேட்டேன். வரும் என்று நீங்கள் சொல்லவில்லை. "தெரியல கண்ணு. ஆனா நாம பண்ண வேண்டியதப் பண்ணிட்டம்" என்றீர்கள். அந்த நேரத்தில் யார் பொய் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேன். நீங்கள் சொன்ன உண்மைதான் எனக்குத் தூக்கம் தந்தது.

கட்டைப் பிரித்த அன்று டாக்டர் விரலைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டார். விரலும் தெரிந்தது, அதற்குப் பின்னால் உங்கள் முகமும் தெரிந்தது. உங்கள் மணிக்கட்டில் என் பல் பதிந்த தழும்பும் தெரிந்தது. இடது கண்ணின் ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய வெள்ளை. தண்ணீர் ஊற்றியது யார் என்று டாக்டர் கேட்டார். நீங்கள் என் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தீர்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டும் போயிருக்கும் என்றார் அவர்.

வீடு வந்ததும் மாமனார் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். இனிமேல் இந்தத் தொழில் வேண்டாம், மிஷினை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றார். என் வீட்டுக்காரரும் தலையை ஆட்டினார். கண் போயிருந்தால் என்ன செய்வது என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

"மாமா, நாம வித்துப்போட்டா இந்த மிஷினு இன்னொரு ஊட்டுக்குப் போகுமுங்க. அங்கயும் ஒரு பொண்ணு சோத்துக்குக் கூப்புட வந்து நிப்பா. அந்த ஊட்ல தண்ணித் தொட்டி இருக்குமோ இருக்காதோ."

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வயலுக்குப் போய்விட்டார். அதுதான் அவர் தந்த சம்மதம்.

அந்த டிரைவரை முதலாளி வேலையை விட்டு நிறுத்தியிருந்தார். ஊரில் சிலர் அவரை அடிக்கவும் தயாராக இருந்தார்கள். எனக்கும் அவர் மேல் கோபம் கொதித்தது. நீங்கள் அவரைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். கையில் கட்டோடு வந்து உங்கள் முன்னால் விழப் போனார். அவரை நிமிர்த்தி, அன்று நின்ற இடத்திலேயே நிற்கச் சொன்னீர்கள். அங்கிருந்து சுவிட்ச் தெரிகிறதா என்று கேட்டீர்கள். கதவு மறைக்கிறது, தெரியவில்லை என்றார்.

என்னைத் திரும்பிப் பார்த்து, "இவன் கையக் குத்தஞ் சொல்லி என்ன பண்றது? சுவிட்ச்சு ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம். அவசரத்துல இருக்கறவன் எது கிட்ட இருக்குதோ அதத்தான் தொடுவான்" என்றீர்கள்.

அந்த வாரமே மின்சாரத்துக்காரரை வரவழைத்துச் சுவிட்சைப் பலகைக்கு நேரே, கிளிப்புக்குக் கை போகும் முன் கண்ணில் படும்படி மாற்றி வைத்தீர்கள். பலகைக்கு முன்னால் மூங்கில் படல் கட்டி, வேலை செய்கிறவர் தவிர யாரும் உள்ளே வராதபடி செய்தீர்கள். என்னையும் சேர்த்துத்தான். பின்சுவரை இடித்து இன்னொரு ஜன்னல் வைத்தீர்கள். அந்த முதலாளியிடம் நீங்களே போய்ப் பேசி டிரைவரை மறுபடி சேர்க்க வைத்தீர்கள். கோபப்படாமல், நடந்ததை நடந்தபடி பார்த்து, மறுபடி நடக்காமல் செய்வது என்ற ஒன்று இருக்கிறதென்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கொஞ்ச நாள் கழித்து, நானும் கொட்டகையில் நிற்கிறேன் என்றேன். நீங்கள் சம்மதிக்கவில்லை. பயமில்லையா என்று கேட்டீர்கள். பயமாகத்தான் இருக்கிறது, அதனால்தான் நிற்க வேண்டும் என்றேன். அடுத்த முறை சேலம் போனபோது பஜாரில் ஒரு பாய் கடையில் மோட்டார் சைக்கிள்காரர்கள் போடுகிற பெரிய கண்ணாடி இரண்டு வாங்கிவந்தீர்கள். ஒன்றை நீங்கள் போட்டுக்கொண்டு இன்னொன்றை என்னிடம் நீட்டினீர்கள். இரண்டு மருமகள்களும் ஆந்தை மாதிரி நிற்கிறார்கள் என்று அத்தை சிரித்தார். உங்களுக்கே அது வேண்டும் என்று முன்பு தோன்றியிருக்கவில்லை. என் கண் பட்ட பாட்டைப் பார்த்துத் தோன்றியது என்று ஒளிக்காமல் சொன்னீர்கள்.

பிறகு நாம் இருவரும் சேர்ந்து நடத்தினோம். ஆசிட் கலக்கும் நாளில் தண்ணீரை முதலில் ஊற்றி வைத்துக்கொண்டு, அதில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவீர்கள். தலைகீழாகச் செய்தால் சீறி முகத்தில் அடிக்கும் என்பதை ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வீர்கள். தெரிந்ததுதானே அக்கா, எதற்குச் சொல்ல வேண்டும் என்றேன். தெரிந்ததைத்தான் மறப்போம் என்றீர்கள்.

யுத்தம் முடிந்தது. போனவர்களில் சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை. மச்சாண்டாரிடமிருந்து பல மாதமாகத் தகவல் இல்லை. நீங்கள் அதைப் பற்றிப் பேசவே மாட்டீர்கள். ஒரு சாயங்காலம் பலகையின் முன்னால் குனிந்து, சும்மா கிடந்த ஒரு கிளிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். படலுக்கு வெளியே புகை வாசனை வந்தது. நீங்கள் திரும்பிப் பார்க்காமலே, "ஏனுங்க, பீடியக் கீழ போட்டுட்டு வாங்க. கட்டிலு அங்க இருக்குது" என்றீர்கள்.

"போட்டுட்டனுங்க" என்றது ஒரு குரல்.

உங்கள் கை அப்படியே நின்றது. மச்சாண்டார் படலுக்கு வெளியே, காக்கிச் சட்டையில், எலும்பும் தோலுமாக நின்றுகொண்டிருந்தார். காலடியில் சிகரெட் நசுங்கிக் கிடந்தது. நீங்கள் திரும்பினீர்கள், அவரைப் பார்த்தீர்கள். பிறகு என்ன செய்தீர்கள் தெரியுமா? மறுபடி பலகைப் பக்கம் திரும்பிச் சுவிட்சை அணைத்தீர்கள். ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றி வைத்தீர்கள். கண்ணாடியைக் கழற்றி ஆணியில் மாட்டினீர்கள். அதன் பிறகுதான் படலைத் திறந்துகொண்டு வெளியே போனீர்கள். வேப்பமரத்தடிவரை நடந்தீர்கள். அங்கே கட்டிலில் உட்கார்ந்து அழுதீர்கள். அத்தனை வருஷத்தில் நீங்கள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வீட்டுக்குள் போய் அடுப்பு மூட்டினேன்.

அவருக்குக் கை நடுங்கியது. ஒரு குண்டு பக்கத்தில் விழுந்ததிலிருந்து அப்படி என்றார். கிளிப்பை ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு அவரே கீழே வைத்துவிட்டார். தொழில் உங்கள் கையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து வருகிறவர்களோடு பேசி அனுப்புகிற வேலையை எடுத்துக்கொண்டார். புது இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்க முதல் நாள் கொட்டகைக்குள் வந்தவர், இடம் மாறிய சுவிட்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். "நான் வெச்ச எடம் தப்புங்க" என்று உங்களைப் பார்த்துச் சொன்னார். நீங்கள் அவருக்குச் சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்லி என்னை அனுப்பிவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு ஆயுளே போயிற்று. பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். மச்சாண்டாரும் போனார், என் வீட்டுக்காரரும் போனார். நாம் இருவரும் மிச்சமானோம். கடைசி வருஷங்களில் சர்க்கரை வியாதி உங்கள் பார்வையைத் தின்றுவிட்டது. என் கண் இருக்க உங்கள் கண் போனதை நான் எப்படித் தாங்கினேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பொழுது இறங்கும் நேரத்தில் மாடியில் நாற்காலி போடச் சொல்வீர்கள். "என்ன தெரியுது சொல்லு கண்ணு" என்பீர்கள். நான் சொல்வேன். ரோட்டில் கரும்பு ஏற்றிக்கொண்டு போகிற லாரி, எதிர்வீட்டுப் பிள்ளை உடுத்தியிருக்கிற பாவாடையின் நிறம், பாறை மேல் வெயில் எங்கே நிற்கிறது, எல்லாம். ஒன்றைக்கூட விட்டுவிடக் கூடாதென்று பார்ப்பேன். நான் கவனிக்காமல் சொன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும். நன்றாகப் பார்த்துச் சொல் என்பீர்கள்.

நீங்கள் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை, அக்கா. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், பொழுது இறங்கினால் மாடிக்குப் போய் நின்று, தெரிகிறதையெல்லாம் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கீழே வருகிறேன். இப்போது மழை விட்டுவிட்டது, காகிதத்தோடு மாடிக்கு வந்துவிட்டேன். பாறை நனைந்து கறுத்துப் பளபளவென்று இருக்கிறது. கோட்டைச் சுவரில் இரண்டு பேர் குடையை மடக்கிக்கொண்டு நிற்கிறார்கள், ஒருவர் பெண்பிள்ளை. கிழக்கே கொல்லிமலை முழுசாகத் தெரிகிறது. அதன் மேல் ஒரு துண்டு மேகம், சின்னதுதான், மெதுவாக நம்ம ஊர்ப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது.